குடிநீங்கா நிலமும் குடிநீக்கும் எல்லையும்

நாடு ஒரு வீடு. வீட்டுக்குரியவன் விரும்பியவரை உள்ளே விடலாம், விரும்பாதவரை வாயிலில் நிறுத்தலாம். அவ்வுரிமை நாட்டுக்கும் உண்டு என்னும் வாதம் அரசியல் மேடையில் மட்டுமன்றி அறிஞர் எழுத்திலும் செல்வாக்குப் பெற்றுள்ளது. தமிழாய்வுலகமும் இதற்கு விலக்கன்று. தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தையும் குமரியையும் சுட்டுவதை ஒரு நிலப் பட்டாவைப் போலப் படிப்போர் உளர். பாயிரம் கூறுவது தமிழ் வழங்கும் பரப்பை. அந்நிலம் யாருடைய உடைமை என்றோ, பிறர் அதனுள் புகலாகாது என்றோ அது கூறவில்லை. மொழி வழங்கும் எல்லை, ஆட்சி செல்லும் எல்லை, உடைமையின் எல்லை ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. இவற்றை ஒன்றெனக் காட்டுவதிலேயே வீட்டு வாதத்தின் வலிமை முழுதும் அடங்கியுள்ளது.

இதனை ஆராயத் திருவனந்தபுரத்தினும் தக்க களம் அரிது. 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா தம் நாடு முழுவதையும் பத்மநாப சுவாமிக்குத் திருப்படித்தானமாக அளித்து, அத்தெய்வத்தின் தாசராக நின்று ஆண்டார். அவருடைய அரசியல் நோக்கம் எதுவாயினும், நாட்டையே ஓர் உடைமையாகக் கொண்டு வழங்கிய அரிய நிகழ்ச்சி அது. வீட்டு வாதம் எங்கேனும் பொருந்துமாயின் இங்கே பொருந்தியிருத்தல் வேண்டும். பின்னர் நிகழ்ந்ததோ வேறு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. ஆட்சியின் எல்லை ஒரே நாளில் நகர்ந்தது; அதனால் எவருடைய வயலும் கைமாறவில்லை. குமரி மாவட்டத்து ஸ்ரீபண்டாரவகை நிலங்களை ரயத்துவாரியாக மாற்ற 1964இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. எல்லைக்கோடு மாறியதால் மட்டும் தெய்வத்தின் நிலவுரிமை மாய்ந்துவிடவில்லை. கல்குளம் வட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. அதனைச் சூழ்ந்த ஊரை ஆள்வது தமிழ்நாடு.

முல்லைப் பெரியாறு இதன் மறுதலை. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசு ஏறத்தாழ 8000 ஏக்கர் நிலத்தை ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் என்று 999 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1970இல் அத்தொகை 30 ரூபாயாயிற்று. கையொப்பமிட்ட இரு அரசுகளும் மறைந்த பின்னும் குத்தகை நிலைத்திருப்பதை உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதிசெய்தது. மண் கேரளத்தின் ஆட்சிக்குட்பட்டது, குத்தகையுரிமை தமிழ்நாட்டுக்குரியது. (வேண்டிய இடத்தில் உடைமையையும் வேண்டாத இடத்தில் எல்லையையும் பேசுவதில் இரு மாநிலத்தாரும் ஒருவர்க்கொருவர் குறைந்தவரல்லர்.)

ஆகவே எல்லை என்பது உடைமையுரிமையின் விரிவன்று. உண்மையில் அது உடைமையுரிமைக்கு இடப்படும் தடை. ஒருவர் தம் வீட்டை அயல்நாட்டார்க்கு வாடகைக்கு விடவும், தம் வயலில் அவர்க்கு வேலை தரவும் விரும்பும்போது குறுக்கே நிற்பது அண்டை வீட்டாரின் பட்டா அன்று, அரசின் ஆணையே. தனியுடைமையைப் போற்றுவோரே அவ்வாணைக்கும் வாதாடுவது முரண்.

சோழர் காலக் கல்வெட்டு மரபு இவ்வகையில் இன்றைய சிந்தனையினும் தெளிவுடையது. நிலம் கோயிலுக்கு வழங்கப்படும்போது அது குடிநீங்காத் தேவதானமா, குடிநீக்கித் தேவதானமா என்பது வேறுபடுத்தி எழுதப்பட்டது. முன்னதில் உரிமை கைமாறினும் அங்கிருந்த குடிகள் நீக்கப்படவில்லை, பின்னதில் நீக்கப்பட்டனர். குடிநீக்கம் நிகழ்ந்தே இருக்கிறது என்பதால் இதனைப் பொற்காலச் சான்றாகக் காட்டுதல் பிழை. எனினும், நிலம் பெறுதல் வேறு, குடியை வெளியேற்றுதல் வேறு என்றும், இரண்டாவதைத் தனியே சொல்லியாக வேண்டும் என்றும் அம்மரபு அறிந்திருந்தது.

இலங்கையில் அது சொல்லப்படாமலே நிகழ்ந்தது. மலையகத்தில் காடு திருத்திக் காப்பியும் பின்னர்த் தேயிலையும் வளர்த்த தமிழர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30 அன்று கையொப்பமான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிப் பகுத்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாக்கப்பட்டனர். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நடை இது. பங்கிடப்பட்டவை மட்டும் நிலமல்ல, மனிதர். அவ்வாறு அனுப்பப்பட்டவருள் ஒரு பகுதியினர் கொல்லம் மாவட்டத்துப் புனலூர்ப் பகுதியில், 1976இல் தொடங்கப்பட்ட மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். ஒரு தோட்டத்தின் வரிசை வீட்டிலிருந்து இன்னொரு தோட்டத்தின் குடியிருப்புக்கு வந்தனர். நிலம் அங்கும் அவர்களுடையதன்று, இங்கும் அவர்களுடையதன்று.

உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் உரியதாகிறது என்பது ஜான் லாக் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய கொள்கை. தனியுடைமை அறத்தின் அடித்தளமாக இன்றும் காட்டப்படுவது. அதனை நேர்மையாகப் பொருத்தினால் மலையகத்தில் விருந்தினர் எனப்பட்டவரே வீட்டுக்குரியவர் ஆவர். வீட்டு வாதம் பேசுவோர் இவ்விடத்திற்கு வந்ததும் உழைப்பை விட்டுப் பிறப்புச் சான்றிதழைப் பற்றிக்கொள்கின்றனர்.

இங்கு ஒரு மறுப்பு எழும். அது எளிதில் தள்ளத்தக்கதன்று. எல்லையற்ற உடைமைச் சந்தையில் எளியவர் நிலம் வலியவரிடம் போய்ச் சேரும் என்பதே அது. காணி என்னும் நிலவுரிமைச் சொல்லையே பெயரில் தாங்கிய காணிக்காரர், திருவனந்தபுரம், குமரி, திருநெல்வேலி மாவட்டங்களின் மலைகளில் மாநில எல்லையின் இருபுறமும் வாழ்கின்றனர். அவர்தம் நிலத்தை அயலார் வாங்கத் தடை வேண்டும் என்பதில் ஐயமில்லை. பழங்குடியினர் நிலம் கைமாறுவதைத் தடுக்கக் கேரளம் 1975இல் சட்டமும் இயற்றியது. ஆயின் அத்தடையின் அறம் எளியோரைக் காத்தல். வலிய அரசு ஒன்று நிலமற்றவரை வெளியேற்றும்போது அதே அறத்தை இரவல் பெற இயலாது. காணிக்காரர்க்கே 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் வரும்வரை தம் காட்டில் சட்டம் ஏற்ற உரிமை அரிதாயிருந்தது என்பதும் எண்ணத்தக்கது. காக்க வேண்டிய இடத்தில் அரசு வீட்டுக்காரனாகவே நடந்துகொண்டது.

1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்றும் தமிழ்நாட்டு முகாம்களில் பிறக்கின்றனர். 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடியினராக இருந்தாலன்றிப் பிறப்பால் குடியுரிமை இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2021இல் முகாம்களின் பெயர் மறுவாழ்வு முகாம் என மாற்றப்பட்டது. அம்முகாம்கள் வேங்கடத்துக்கும் குமரிக்கும் இடையில்தான் உள்ளன. பாயிரத்தைப் பட்டாவாகப் படிப்போர், அப்பட்டாவில் இவர்களுக்குப் பங்கு உண்டா என்பதற்கு விடை கூறுதல் வேண்டும்.