கிட்டப் போகாமல் எடுத்த படங்கள்

எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் சிலர் கடந்த ஓராண்டாகச் சனிக்கிழமை காலைகளில் கேமராவும் பைனாகுலருமாகச் சுங்கை பூலோவுக்கும், புலாவ் உபினில் இருக்கும் செக் ஜாவாவுக்கும் போய்வருவது சபையில் பலருக்குத் தெரியும். எடுத்த படங்களில் சிலவற்றை மண்டபச் சுவரில் மாட்டியபோது பெரியவர்கள் பாராட்டினார்கள். கூடவே ஒரு கேள்வியும் வந்தது. "பாதிப் படத்தில் பறவை இத்தனை சின்னதாக இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் எடுத்திருக்கக் கூடாதா?" கூடாது என்பதுதான் எங்கள் கருத்து. ஏன் என்று சொல்கிறோம்.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நம் கரையோரங்களுக்கு வந்து சேரும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் சைபீரியா, மங்கோலியா போன்ற வடதேசங்களில் குஞ்சு பொரித்துவிட்டு வருபவை. சில இங்கேயே மார்ச் வரை தங்கும். சில இளைப்பாறிவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போகும். இந்த வலசையின் கடுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. 2022-இல் அலாஸ்காவில் புறப்பட்ட ஒரு பட்டைவால் மூக்கன் 11 நாட்கள் எங்கும் இறங்காமல் சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. பிறந்து ஐந்தே மாதமான பறவை அது. இப்படிப் பறக்கத் தேவையான எரிபொருள் உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்புதான். சில இனங்கள் புறப்படுமுன் தம் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும்.

அந்தக் கொழுப்பு சேற்றிலிருந்து வருகிறது. வற்றுநேரத்தில் சேற்றுத்திட்டில் புழுவும் நண்டும் தேடித் தின்னும். ஏற்றத்தில் ஜொகூர் நீரிணையின் சேறு மூழ்கியதும் சுங்கை பூலோவின் குளங்களுக்கு வந்து, ஒற்றைக் காலில் நின்று ஓய்வெடுக்கும். அந்த ஓய்வு நேரத்தில்தான் நாமும் படம் எடுக்கப் போகிறோம். ஒருவர் பத்தடி முன்னால் போனால் கூட்டம் மொத்தமும் எழும்பிச் சுற்றும். சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் கரையும். ஒரு முறைதானே என்று அவர் நினைப்பார். அவருக்குப் பின்னால் வருகிறவரும் அப்படியேதான் நினைப்பார்.

இனம் காணக் கிட்டப் போகவேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. பவளக்காலி பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளை தெரியும்; கால் நிறம் பார்க்கக்கூட வேண்டியதில்லை. பச்சைக்காலியின் அலகு சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். அதைவிடச் சிறிய சதுப்பு உள்ளானுக்கு அலகு ஊசிபோல் நேராக இருக்கும். இவற்றைப் பழகிக்கொள்ள எங்களுக்குச் சில மாதங்கள் பிடித்தன. பழகியபின் மங்கலான படமே போதுமானதாக இருந்தது. (எங்களில் ஒருவரின் பாட்டி வேதாரண்யம் பக்கத்தவர். உள்ளான் என்ற பெயரைக் கேட்டதும், "குழம்பு வைப்பார்களே, அதுவா?" என்றார். நம் தாத்தா பாட்டிகளுக்கு இந்தப் பறவைகளோடு வேறு விதமான பழக்கம்.)

போதாத நேரமும் உண்டு. செக் ஜாவாவில் ஒரு நாள் வற்றுநேரத்தில் வெகுதூரத்தில் ஒரு வெண்கொக்கு சேற்றில் ஓடி ஓடி மீன் பிடித்தது. சீனக் கொக்காக இருக்குமோ என்று எல்லாருக்கும் படபடப்பு. முன்பு இறகுக்காக வேட்டையாடி அழிக்கப்பட்ட, இன்று உலக அளவில் அருகிவரும் இனம் அது. சாதாரணச் சின்னக் கொக்குக்குக் கருங்கால், மஞ்சள் பாதம். குளிர்காலச் சீனக் கொக்குக்குப் பச்சை கலந்த கால், கீழலகின் அடியில் மஞ்சள். கடலோரக் கொக்கிலும் வெள்ளை நிறத்தவை உண்டு என்பதால் குழப்பம் இன்னும் கூடும். பலகைப் பாதையிலிருந்து இறங்கிச் சேற்றில் நடந்தால் தெரிந்துவிடும் என்றான் தம்பி ஒருவன். இறங்கவில்லை. "வெண்கொக்கு, வகை உறுதியில்லை" என்றே குறிப்பேட்டில் இருக்கிறது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த குறிப்பு அதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

உறுதியில்லாததை உறுதியென்று எழுதாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுங்கை பூலோ ஒரு காலத்தில் கைவிடப்பட்ட இறால், மீன் குளங்கள். 1986-இல் பறவை ஆர்வலர்கள் அங்கே வந்த பறவைகளைக் கவனித்து எழுதிவைத்து, அரசிடம் எடுத்துச் சொன்னதால்தான் அது 1993-இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. செக் ஜாவாவை மண் போட்டு நிரப்பும் திட்டம் 2001 கடைசியில் ஒத்திவைக்கப்பட்டதற்கும், தன்னார்வலர்கள் சேற்றில் கண்டதைப் பதிவு செய்தது துணைநின்றது. தென்கொரியாவின் சேமாங்கும் கழிமுகத்துக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் 2006-இல் மூடப்பட்டபின் அங்கே தங்கிப்போன பெரிய உள்ளான்கள் பல்லாயிரக்கணக்கில் குறைந்தன. இப்படிப்பட்ட வழக்குகளில் நம் குறிப்பும் ஒரு சாட்சி. சாட்சி மிகைப்படுத்தினால் வழக்கு என்னவாகும்?

அழகான நெருக்கப் படம் இருந்தால்தானே ஜனங்களுக்கு அக்கறை வரும் என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மறைவுக் குடிலில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் பறவையே கிட்ட வரும். சுவரில் நீங்கள் பார்த்த பெரிய படங்கள் அப்படிக் கிடைத்தவைதான். கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும், இரை போட்டு இழுப்பதும் எங்களுக்கு உடன்பாடில்லை. கூடு இருக்கும் இடத்தையும் யாருக்கும் அனுப்பமாட்டோம். மலேசிய உப்புக்கொத்தி வெறும் மணலில் முட்டையிடுகிறது. ஆள் நடமாட்டத்துக்குப் பயந்து தாய் விலகி நின்றால் வெயிலிலேயே முட்டை கெட்டுவிடும்.

"மொத்தம் எத்தனை வகை பார்த்தீர்கள்?" என்று கேட்கிறவர்கள் மன்னிக்கவும். எண்ணிக்கைப் போட்டி வேண்டாம் என்று முதல் மாதத்திலேயே முடிவு செய்துவிட்டோம்.

செப்டம்பரில் பறவைகள் திரும்ப வரும், நாங்களும் போவோம். உச்ச ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே குடிலில் இருக்கவேண்டும் என்பதால் புறப்படும் நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். கூடுதலாக இரண்டு பைனாகுலர் இருக்கிறது. கேமரா இல்லாதவர்களும் வரலாம், பெற்றோரும் வரலாம். பளிச்சென்ற நிறத்தில் சட்டை மட்டும் வேண்டாம்.