கட்டிடம் நிற்பது யார் கணக்கில்? கட்டமைப்புப் பொறியாளர் தொழிலுக்கு வரும் இளைஞர் முன் உள்ள பொறுப்பு

ஆண்டுதோறும் செப்டம்பர் 15-ந் தேதி சர் எம்.விசுவேசுவரய்யாவின் பிறந்தநாள், பொறியாளர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. பெங்களூரில் சிலைகளுக்கு மாலை போடுகிறார்கள். கல்லூரிகளில் கூட்டம் நடக்கிறது. அதற்கு மூன்று நாள் முன்னால் வரும் இன்னொரு தேதியைப் பலர் மறந்துவிட்டார்கள்.

1983-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி, கபாலி தியேட்டர் அருகே கட்டப்பட்டு வந்த ஏழு மாடி கங்காராம் கட்டிடம் இடிந்து விழுந்தது. 123 பேர் பலியானார்கள். பெங்களூர் கண்ட மிகப் பெரிய கட்டிட விபத்து அது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கபாலி தியேட்டரும் இன்று இல்லை. ஆனால் கட்டிடங்கள் விழுவது நிற்கவில்லை.

2024-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி, பலத்த மழைக்கிடையே பாபுசாபாளையத்தில் கட்டி வந்த பல மாடிக் கட்டிடம் சரிந்தது. குறைந்தது எட்டுத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் அவர்களில் அடக்கம். 2019 மார்ச்சில் தார்வாடில் கட்டுமான நிலையில் இருந்த கட்டிடம் விழுந்து 19 பேர் மாண்டனர். தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 2014 ஜூன் 28-ந் தேதி சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் ஒரே நொடியில் தரைமட்டமாகி 61 பேரைப் பலி கொண்டது. அதன் இரட்டைக் கட்டிடத்தை 2016 நவம்பரில் அரசே வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி எழுகிறது: இந்தக் கட்டிடம் நிற்கும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டவர் யார்? அந்தக் கையெழுத்துக்கு உரியவரே கட்டமைப்புப் பொறியாளர்.

யார் இந்தப் பொறியாளர்?

வீடு எப்படித் தோன்ற வேண்டும், அறை எங்கே, ஜன்னல் எங்கே என்பதைத் தீர்மானிப்பவர் கட்டிடக் கலைஞர். அந்த வீடு நிற்குமா என்பதைத் தீர்மானிப்பவர் கட்டமைப்புப் பொறியாளர். தளத்தின் எடை, மனிதர் எடை, காற்று, நிலநடுக்கம் எல்லாவற்றையும் கணக்கிட்டு, அந்தச் சுமை தளத்திலிருந்து உத்திரத்துக்கும், உத்திரத்திலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து அஸ்திவாரத்துக்கும், அங்கிருந்து மண்ணுக்கும் இறங்கும் வழியை அவர் வகுக்க வேண்டும். தூணுக்கு எத்தனை கம்பி, என்ன தடிமன், எத்தனை அங்குல இடைவெளியில் வளையம் என்று வரைபடத்தில் எழுதுவது அவர் வேலை.

பெங்களூரில் கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங் அடிக்கிறவர், கொத்தனார், சித்தாள் ஆகியோரில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்துத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் சிவில் பொறியியல் படிக்கிறார்கள். அப்பா கட்டிய கம்பிக்கு மகன் கணக்குப் போடும் காலம் வந்திருக்கிறது. இது பெருமைக்குரிய மாற்றம். ஆனால் படிப்பு முடிந்ததும் என்ன செய்வது என்பதில்தான் தடுமாற்றம்.

நுழையும் வழி

முன்பு ஏழை மாணவர்களுக்கு ஒரு வழி இருந்தது. டிப்ளமோ முடித்து வேலைக்குப் போய்க்கொண்டே, 1920-ல் தொடங்கப்பட்ட இந்தியப் பொறியாளர் நிறுவனத்தின் ஏ.எம்.ஐ.இ. தேர்வை எழுதிப் பட்டதாரிக்கு இணையாகலாம். இரவெல்லாம் படித்து அப்படி உயர்ந்தவர்கள் அநேகம். ஆனால் 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அந்தத் தேர்வு பட்டத்துக்கு இணையாக அங்கீகரிக்கப்பட்டது. அதன்பின் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. தபால் வழியில் பி.இ. என்று விளம்பரம் செய்பவர்களையும் நம்புவதற்கில்லை. அங்கீகாரமின்றித் தொலைதூர முறையில் வழங்கப்பட்ட பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்திருக்கிறது.

எனவே இன்று நேர் வழி இரண்டுதான். பிளஸ்-டூ முடித்து நான்காண்டு பி.இ. சேர்வது ஒன்று. டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வது மற்றொன்று. வேலையில் இருக்கும் டிப்ளமோக்காரர்களுக்கு வசதியான நேரத்தில் வகுப்பு நடத்தச் சில கல்லூரிகளுக்கு அகில இந்திய தொழில்நுட்பக் கல்வி கவுன்சில் 2023 முதல் இடம் கொடுத்து வருகிறது. குமாஸ்தா வேலையிலும் சைட் சூப்பர்வைசர் வேலையிலும் இருக்கும் டிப்ளமோ படித்த இளைஞர்கள் இதை விசாரித்துப் பார்ப்பது நல்லது.

பெங்களூரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. விசுவேசுவரய்யா 1917-ல் தோற்றுவித்த கே.ஆர்.சர்க்கிள் பொறியியல் கல்லூரி இன்றும் சிவில் பொறியியலுக்குப் பேர் போனது. மேற்படிப்புக்கு இந்திய விஞ்ஞானக் கழகம் இருக்கிறது. சென்னை கிண்டியும் ஐ.ஐ.டி.யும் ஓர் இரவு ரயில் பயணத் தூரம்தான்.

ஆனால் குடிபெயர்ந்த தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. கர்நாடகப் பொதுநுழைவுத் தேர்வு வழியாக அரசு ஒதுக்கீட்டு இடம் பெற, குறைந்தது ஏழு ஆண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும் என்பது முக்கியமான விதி. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக்குப் போனால், வெளி மாநிலத்தில் படித்த பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பூர்வீகச் சான்றிதழ் காட்ட வேண்டும். பாதிப் படிப்பு ஊரிலும் பாதிப் படிப்பு பெங்களூரிலும் என்று அலைந்த பிள்ளைகள் இரண்டும் இல்லாமல் நிற்பதுண்டு. பள்ளிச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருப்பதும், பத்தாம் வகுப்பிலேயே எந்த மாநில ஒதுக்கீடு என்று முடிவு செய்வதும் பெற்றோர் கடமை.

கட்டுமானத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு இன்னோர் உதவியும் உண்டு. 1996-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நலவாரியத்தில், 18 வயது முதல் 60 வயதுக்குள், கடந்த ஓராண்டில் 90 நாள் கட்டிட வேலை செய்தவர் உறுப்பினர் ஆகலாம். கட்டுமானச் செலவில் வசூலிக்கப்படும் ஒரு சதவீத வரியே வாரியத்தின் நிதி. கர்நாடக வாரியம் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவியும் அளித்து வருகிறது. இதற்குத் தாய்மொழி தடையில்லை. இருந்தும் பதிவு செய்யாமல் இருக்கும் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம்.

முதல் மூன்றாண்டு

பட்டம் வாங்கிய மறுநாளே ஒருவர் கட்டமைப்புப் பொறியாளர் ஆகிவிடுவதில்லை. தேசிய கட்டிட விதித்தொகுப்பு, சிவில் பட்டத்துக்கு மேல் வடிவமைப்பிலும் களத்திலும் மூன்றாண்டு அனுபவம் கேட்கிறது. கட்டமைப்பில் முதுகலைப் பட்டம் உள்ளவருக்கு இரண்டாண்டு போதும். பட்டம் நுழைவுச் சீட்டுதான் என்பதே இதன் பொருள்.

தொடக்கத்தில் சம்பளம் குறைவு. உடன் படித்தவர் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய் இரண்டு மடங்கு வாங்கும்போது, வடிவமைப்பு அலுவலகத்தில் அமர்ந்து கம்பி அட்டவணை போடுவது மனத்தை உறுத்தத்தான் செய்யும். சிவில் படித்த பலர் முதல் ஆண்டிலேயே துறை மாறுவதற்கு இதுவே காரணம். ஆனால் ஐந்தாறு ஆண்டு பொறுத்தவர்களுக்கு இந்தத் தொழில் கைகொடுக்கிறது. மெட்ரோ, மேம்பாலம், அடுக்குமாடி என்று நகரில் வேலை ஓயவில்லை. வெளிநாட்டுக் கட்டிடங்களுக்கு இங்கிருந்தே வரைபடம் தயாரித்து அனுப்பும் அலுவலகங்களும் இருக்கின்றன.

இந்தக் காலத்தில் கற்க வேண்டியவை என்ன? ஸ்டாட், ஈடாப்ஸ் போன்ற மென்பொருள்களை ஓட்டக் கற்பது சுலபம். அது தரும் விடை சரியா என்று காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பதே கஷ்டம். ஐ.எஸ். 456 கான்கிரீட்டுக்கு, ஐ.எஸ். 875 சுமைகளுக்கு, ஐ.எஸ். 1893 நிலநடுக்கத்துக்கு, ஐ.எஸ். 800 எஃகுக்கு. இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடத் தெரியாதவருக்கு மென்பொருள் தெரிந்து பயனில்லை.

அதோடு களத்துக்குப் போக வேண்டும். ஐ.எஸ். 456 சொல்வதைப் பாருங்கள். கம்பி போட்ட கான்கிரீட் குறைந்தது எம்.20 தரத்தில் இருக்க வேண்டும். சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும். நாலரை மீட்டருக்கு மேற்பட்ட தளத்துக்கு முட்டுக்கொடுத்த கம்பங்களை 14 நாள் வரை எடுக்கக் கூடாது. ஆறு மீட்டருக்கு மேற்பட்ட உத்திரமானால் 21 நாள். அவசரத்தில் முட்டை முன்னதாகப் பிடுங்குவதும், வேலை சுலபமாக வேண்டும் என்று கலவையில் அதிகம் தண்ணீர் ஊற்றுவதும், கியூப் சோதனையைத் தாளில் மட்டும் நடத்துவதும் களத்தில் நடப்பவை. அனுபவமுள்ள மேஸ்திரியிடம் கேட்டால் புத்தகத்தில் இல்லாத பாடமும் கிடைக்கும்.

கட்டிடம் முடிந்த பிறகு நிற்பது மட்டும் போதாது; கட்டும்போதும் நிற்க வேண்டும். 2023 ஜனவரி 10-ந் தேதி பெங்களூரில் மெட்ரோ தூணுக்காக நிறுத்திய கம்பிக்கூடு சாலையில் சாய்ந்து, இருசக்கர வாகனத்தில் சென்ற தாயும் பச்சிளம் மகனும் இறந்தார்கள். அப்போது தூணே எழும்பவில்லை. தற்காலிகமாகத் தாங்கி நிறுத்துவதும் கட்டமைப்புக் கணக்குதான் என்பதை அந்த விபத்து காட்டிற்று.

கையெழுத்துக்கு விலை

இளம் பொறியாளருக்கு வரும் பெரிய சோதனை வேறு. பார்க்காத மனைக்கு, போடாத கணக்குக்கு, சில ஆயிரம் ரூபாய்க்குக் கையெழுத்துக் கேட்பவர்கள் உண்டு. மூன்று மாடிக்கு அனுமதி வாங்கி ஐந்து மாடி எழுப்புபவரும், தரைமட்டத் தூணை மாற்றாமல் மேலே இன்னும் இரண்டு தளம் ஏற்றுபவரும் ஒரு முத்திரையைத் தேடி அலைகிறார்கள். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி கட்டிடக் கலைஞர்களுக்கு நாடு முழுவதற்குமான பதிவு இருக்கிறது. பொறியாளர்களுக்கு அப்படி ஒரு மத்திய சட்டம் பற்றி நெடுங்காலமாகப் பேச்சுத்தான் நடந்து வருகிறது. இந்த இடைவெளியில்தான் முத்திரை வியாபாரம் வளர்கிறது.

2024 டிசம்பர் 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட், நிறைவுச் சான்றிதழ் இல்லாத கட்டிடங்களுக்கு மின்சாரம், தண்ணீர் இணைப்புத் தரக் கூடாது என்று உத்தரவிட்டது. வரவேற்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் மக்களின் கஷ்டத்தைக் காரணம் காட்டி, 1,200 சதுர அடி வரையிலான மனைகளில் கட்டும் சிறு வீடுகளுக்குக் கர்நாடக அரசு 2025-ல் விலக்களித்தது. கடன் வாங்கி வீடு கட்டிய நடுத்தரக் குடும்பத்துக்கு அது நிம்மதிதான். எனினும் 30-க்கு 40 மனையில் நெருக்கிக் கட்டிய வீடுகளில்தான் வாடகைக்கு இருப்பவர் பலர். சான்றிதழ் தேவையில்லை என்பதால் கணக்கும் தேவையில்லை என்று ஆகிவிடக் கூடாது. பழைய மாநகராட்சியைப் பிரித்து 2025 செப்டம்பரில் அமைந்த ஐந்து மாநகராட்சிகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

2021 செப்டம்பர் 27-ந் தேதி லக்கசந்திராவில் மெட்ரோ தொழிலாளர்கள் தங்கியிருந்த மூன்று மாடிக் கட்டிடம் சரிந்தது. அசைவைக் கண்டு முன்னதாகவே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. தொழிலாளியின் கண் அன்று காப்பாற்றியது. ஆனால் எல்லாக் கட்டிடமும் எச்சரித்துவிட்டு விழுவதில்லை.

செய்ய வேண்டியது

வேலைக்குச் சேரும் இளைஞர், சம்பளத்தைக் கேட்பதற்கு முன், அங்கே கணக்கைச் சரிபார்க்க மூத்தவர் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். தாம் பார்க்காத எதிலும் கையெழுத்திடக் கூடாது. களத்தில் வரைபடத்துக்கு மாறாக நடப்பதைக் கண்டால் எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். போன உயிருக்கு மாற்று இல்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகனோ மகளோ சிவில் படித்துக் குறைந்த சம்பளத்துக்குப் போகிறார்களே என்று மனம் நோக வேண்டாம். சாரத்தின் மேல் நிற்பவர் தமிழர். அந்தச் சாரத்துக்குக் கீழே கணக்குப் போடுபவரும் அவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால், கம்பி ஒன்று குறையும்போது அதைக் கேட்க ஆள் இருக்கும். பெங்களூர்க் கட்டிடங்களுக்கு இன்று வேண்டியது அதுதான்.