குப்பியில் லாம்டா

மிட் எக்ஸாமுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வைக்கிற குப்பியில கணிதம் நடப்பதில்லை. "இந்த ஸ்டெப்பை அப்படியே எழுது, மார்க்ஸ் வரும்." அவ்வளவுதான். அண்ணாமார், அக்காமார் நித்திரை முழிச்சு, காசு வாங்காமல் சொல்லித்தருவது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் டியூஷனுக்கு வசதியில்லாத, தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைக்குக் குப்பி மட்டும்தான் இருக்கு. அவளுக்கும் பாஸ் பேப்பர் விடையைத்தான் குடுக்கிறோம். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் அவள் என்ன செய்வாள்?

பொருளியல் செய்கிற ஆர்ட்ஸ் பிள்ளைகளுக்குப் பகுதி வகையீடு என்றாலே நடுக்கம். ஏ.எல்.லில புவியியல் படிச்சு சமவுயரக் கோடு கீறினவர்கள் எத்தனை பேர் எங்களுக்குள்ள! பேராதனையிலிருந்து ஹந்தானையைப் பாருங்கள். கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்ற இரண்டு மாறிகளில் தங்கிய சார்புதான் மலையின் உயரம். வடக்கே அசையாமல் கிழக்கே மட்டும் நடந்தால் உயரம் மாறும் வீதம், பகுதிப் பெறுதி. மலையில் ஏறி இறங்கும் ரோட்டின் ஆக உயர்ந்த இடத்தில், ரோட்டு சமவுயரக் கோட்டை வெட்டாது, தொட்டுக்கொண்டு போகும். லக்ராஞ்சின் முறை முழுக்க இந்தப் படம்தான். லாம்டாவை "சுருக்கி வெட்டிவிடு" என்கிறோமே, நுகர்வோர் கணக்கில அது, கையில ஒரு ரூபாய் கூடினால் பயன்பாடு எவ்வளவு கூடும் என்று சொல்கிற எண். வெட்டுறதுக்கு முதல் அதையாவது சொல்லுங்கோ.

அடுத்த குப்பிக்கு பாஸ் பேப்பரோட ஒரு மலைப்படமும் போட்டோகொப்பி எடுத்து வாங்கோ.