சொல்லிக்கொடுத்தவரின் பெயர்

மதுவைப் பற்றி எழுதுகிறேனே என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். அந்தப் பழக்கம் எனக்கில்லை. ஆனால் ஒரு விஸ்கி வடிசாலையின் கதையைப் படித்ததிலிருந்து ஒரு விஷயம் மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் லிஞ்ச்பர்க் என்று ஒரு சின்ன ஊர். ஜாக் டேனியல் விஸ்கி தயாராவது அங்கேதான். நூற்றுக்கு 80 பங்கு மக்காச்சோளம். மீதி, முளைகட்டிய பார்லியும் ரை என்ற தானியமும். நாம் பாலுக்குப் பழைய தயிரை உறை ஊற்றுவதுபோல, முன்பு வடித்து மிஞ்சிய ஊறலில் கொஞ்சம் எடுத்துப் புதியதில் சேர்க்கிறார்கள். புளித்ததும் செம்புக் கலத்தில் காய்ச்சி வடிக்கிறார்கள்.

அதற்கப்புறம்தான் முக்கியமான வேலை. சுகர் மேப்பிள் மரத்தை எரித்துக் கரியாக்கி, பத்தடி ஆழத்துக்கு நிரப்பி, வடித்த சாராயத்தை அதன் வழியே சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். அதில் காரல் போகிறது. தண்ணீர்போல இருப்பது, உள்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வருஷக்கணக்காகக் கிடந்துதான் பொன்னிறமாகிறது.

இதெல்லாம் ஏட்டைப் படித்து வருகிற வித்தை இல்லை. பக்கத்தில் நின்று கற்க வேண்டும். சிறுவன் ஜாக், டான் கால் என்ற பாதிரியாரின் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே விஸ்கி வடித்துக்கொண்டிருந்தவர் நியரெஸ்ட் கிரீன் என்ற கறுப்பின அடிமை. தொழிலைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைத்தனம் ஒழிந்தபின் ஜாக் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். குருவையே தலைமை வடிப்பாளராக வைத்துக்கொண்டார். அவருடைய பிள்ளைகளும் அங்கே வேலை செய்தார்கள்.

ஆக, ஜாக் நன்றி மறந்தவர் அல்ல. 1967-இல் வந்த அவரது வாழ்க்கை வரலாற்றுப் புத்தகத்திலும் நியரெஸ்ட் பெயர் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள்தான் கதையைச் சொல்லும்போது அந்தப் பெயரை விட்டுவிட்டார்கள். நிறுவனம் அதை ஊரறியச் சொல்லத் தொடங்கியது 2016-இல், தன் 150-ஆவது ஆண்டில்!

"எந்தத் தொழிலிலும் கற்றுக்கொடுத்தவர்கள் பலர் இருப்பார்கள், எல்லார் பெயரையும் போட முடியுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பரம்பரைப் பெருமையைச் சொல்லியே சரக்கை விற்கிறவர்களுக்கு, அந்தப் பரம்பரையின் முதல் ஆளைச் சொல்லும் கடமை உண்டு. முதலீடு போட்டவர் பெயர் பத்திரத்தில் இருக்கும். கைவேலை தெரிந்தவர் பெயரை நாம் சொன்னால்தான் உண்டு. அதிலும் அடிமையாக இருந்தவருக்குப் பத்திரம் ஏது, சொத்து ஏது? நியரெஸ்டின் புகைப்படம்கூட ஒன்றும் கிடைக்கவில்லை.

என்னைக் கேட்டால், வடிசாலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் சொன்னால் மட்டும் போதாது. பாட்டிலிலேயே ஜாக் பெயருக்குப் பக்கத்தில் நியரெஸ்ட் பெயரையும் அச்சடிக்க வேண்டும். அதற்கு ஆகும் மை அதிகமில்லை.