அறுந்த நாணும் மூன்று ஊசியும்!



லேபில் கம்பியை மெஷினில் மாட்டி இழுக்கும்போது கடைசியில் 'டப்'பென்று அறுமே, அதே சத்தம்தான் போன வருஷம் எங்க சித்தப்பா குதிகாலில் கேட்டதாம். எழுமலையிலிருந்து தினம் உசிலம்பட்டி போய் மூட்டை இறக்கும் லோடுமேன் அவர். லாரியிலிருந்து குதித்தவர், யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தாராம். ஒருத்தரும் இல்லை! கெண்டைக்காலையும் குதிகாலையும் இணைக்கும் தசைநாண் அறுந்துவிட்டது.

டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், "ஆபரேஷனே வேண்டாம், உங்க ரத்தத்திலேயே மருந்து இருக்கு, மூணு ஊசி போதும்" என்றார்கள். மாவுக்கட்டும் போட்டார்கள். சித்தியின் தோடு அடகுக் கடைக்குப் போனது. பாரத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தானே! அதில் 'பி.ஆர்.பி.' என்று இருந்தது. அது என்னவென்று கேட்க வாய் வரவில்லை. அந்த வெட்கத்தில்தான் பிறகு தேடித்தேடிப் படித்தேன்.

மந்திரமெல்லாம் ஒன்றுமில்லை. கையிலிருந்து ரத்தம் எடுத்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றுகிறார்கள். நாம் பரீட்சைக்கு உருப்போடுகிற அதே மையவிலக்கு விசை! கனமான சிவப்பணு அடியில் தங்கிவிடும். தட்டணு மிகுந்த மஞ்சள் நீரைப் பிரித்தெடுத்து, அறுந்த இடத்தில் போடுகிறார்கள். காயத்தை ஆற்றத் தூண்டும் புரதங்கள் தட்டணுவில் இருப்பது உண்மை. ஆகவே யோசனை தப்பில்லை. ஆனால் யோசனை வேறு, பலன் வேறு அல்லவா?

பிரிட்டனில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். குதிகால் நாண் அறுந்து ஆபரேஷன் செய்யாத 230 பேர். ஒரு பகுதியினருக்கு நிஜ ஊசி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குத்து. 24 வாரம் கழித்துப் பார்த்தால் கால் பலத்தில் வித்தியாசமே இல்லை! 2019-ல் வந்த முடிவு இது.

அப்படியானால் சித்தப்பா கால் எப்படி ஆறியது? கம்பி அறுந்தால் தானாக ஒட்டாது. உயிருள்ள நாண் ஒட்டும், முனைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால். பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டுவது அதற்குத்தான். நார்வேயில் 526 பேரை ஒரு வருஷம் கவனித்து 2022-ல் எழுதினார்கள்: கட்டு மட்டும் போட்டவர்களும் ஆபரேஷன் செய்தவர்களும் கடைசியில் ஏறக்குறைய ஒரே நிலைதான். ஆனால் கட்டு மட்டும் போட்டவர்களில் 100-க்கு 6 பேருக்கு மறுபடி அறுந்தது. ஆபரேஷனில் 100-க்கு ஒருத்தர்கூட இல்லை. அதற்குப் பதிலாக ஆபரேஷனில் உணர்ச்சி நரம்பு கெடுவது அதிகம். மூட்டை தூக்குகிறவனிடம் இந்த இரண்டையும் சொல்லியல்லவா 'எது வேணும்' என்று கேட்டிருக்க வேண்டும்!

(ஸ்டீராய்டு ஊசி வேறு. வலி சட்டென்று அடங்கும், நாண் பலவீனமாகும். வலியை அமுக்கிக்கொண்டு கபடிக்கு இறங்கும் நண்பர்கள் கவனிக்க.)

விஞ்ஞானத்துக்கு நான் எதிரியில்லை. நாளைக்கே நல்ல ஊசி வரலாம், வரட்டும். என் கோபம் அந்தப் பாரத்தின் மேல். அது தமிழில் இருக்க வேண்டும். 'இந்த ஊசி போடாவிட்டால் என்ன ஆகும், எவ்வளவு மிச்சம்' என்று அதில் ஒரு வரி இருக்க வேண்டும். மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அதே மாவுக்கட்டு பஸ் காசோடு முடிந்திருக்கும்.

சித்தப்பா இப்போது நடக்கிறார், மூட்டை மட்டும் இன்னும் தொடவில்லை. தோடும் மீளவில்லை. "ஊசியாலதான சரியாச்சு, ஏப்பா?" என்று சித்தி போன வாரமும் கேட்டது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

– எழுமலை மாணவன், இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்