ரிங்ஸ் மட்டும் மாற்றினால் போதுமா? ஒன்றாய்த் தேயும் வன்னியின் இஞ்சின்கள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரக் கராஜ் ஒன்றில் அண்மையில் ஒரு முற்பகல் முழுவதும் இருந்தேன். வந்த முச்சக்கர வண்டிகளில் அனேகமானவற்றுக்கு ஒரே வருத்தம்தான்: நீலப்புகை, ஓயில் குறைகிறது, இழுவை இல்லை. கேள்வியும் ஒன்றுதான்: "அண்ணை, ரிங்ஸை மட்டும் மாத்திவிட ஏலாதோ?"

இத்தனை வண்டிகள் ஒரே காலத்தில் தேய்வது தற்செயல் அல்ல. 2009 மே மாதம் வரை இழுத்துச் சென்ற வாகனங்களை எங்கள் சனம் முள்ளிவாய்க்காலிலேயே விட்டு வந்தது. மீள்குடியேறிய பின்னர் லீசிங்கில் வாங்கியவைதான் இன்று ஓடுபவற்றில் பல. அவற்றை மாற்ற வேண்டிய காலம் வந்தபோது, 2020 மார்ச்சில், வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. வரியும் சேர, புதிய வண்டி என்பது தினக்கூலிக் குடும்பத்தின் கணக்கிலேயே இல்லை.

பழைய இஞ்சினோடு மல்லுக்கட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடையில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓடினோம். அந்தப் புகை மணம் என் சிறுவயதின் மணம். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள ஓயில் படலத்தைக் கழுவிவிடும். கீழே இறங்கி ஓயிலையும் நீர்க்கச் செய்யும். கரி படிந்து ரிங்ஸ் தன் காடியிலேயே இறுகிவிடும்.

கராஜ்காரர் உடனே இஞ்சினைக் கழற்றுவதில்லை. முதலில் கம்பிரசன் பார்க்கிறார். பிளக் துவாரத்தால் சிறிது ஓயில் விட்டு மீண்டும் பார்க்கிறார். கம்பிரசன் ஏறினால் பழுது ரிங்ஸ் பக்கம், ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். கழற்றிய பின் சிலிண்டரின் மேல்விளிம்பை நகத்தால் தடவுகிறார். தேயாத பகுதி அங்கே ஒரு வரம்பாக நிற்கும். அதை எடுக்காமல் புதிய ரிங்ஸ் போட்டால், மேல் ரிங் அதில் மோதி உடையலாம். பிறகு ரிங்கை சிலிண்டருக்குள் நேராக இறக்கி, வாய் இடைவெளியை பீலர் கேஜால் அளக்கிறார். இடைவெளி கூடினால் கம்பிரசன் கசியும். குறைந்தால் சூட்டில் விரிந்து நுனிகள் முட்டி சுவரைக் கீறும்.

சிலிண்டர் வட்டம் கெட்டு நீள்வட்டமாகியிருந்தால் ரிங்ஸ் மட்டும் மாற்றுவது வீண். லேத்தில் கொடுத்து போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அதற்குக் காசும் வேண்டும், வண்டி சில நாள் நிற்கவும் வேண்டும். நிற்கும் நாளில் உழைப்பில்லை. அதனால்தான் தெரிந்தே ரிங்ஸ் மட்டும் கேட்கிறார்கள். சில மாதத்தில் அதே புகையோடு திரும்பி வந்து இரண்டாம் தரம் கூலி கொடுக்கிறார்கள்.

இதை அறியாமை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புது வண்டிக்கு லீசிங் வீடு தேடி வருகிறது. ஓடும் வண்டியின் இஞ்சினைச் செய்ய நகை அடைவுதான் வழி. பனை தென்னை வள, கடற்றொழில், விவசாயக் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ள மண் இது. திருத்த வேலைக்கென ஒரு சிறுகடனை அவை யோசிக்கலாம். வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்று வேண்டும். அதில் தவறினால் வண்டி வீதிக்கு வர முடியாது.

நான் கிளம்பும்போது முதல் கேள்வியைக் கேட்டவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. கழற்றிய பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு, மனைவிக்கு அழைப்பெடுத்துக் கொண்டிருந்தார்.