டீசல் முடிந்து நின்ற இயந்திரம்



மண்டூர், வெல்லாவெளி என்று படுவான்கரையில் எந்தக் கிராமத்தை எடுத்தாலும் வயலும் தோட்டமும்தான் எங்கள் மக்களின் சீவியம். உழுவதற்கும் மூட்டை ஏற்றுவதற்கும் இருசில்லு உழவு இயந்திரம், நீர் இறைப்பதற்கு டீசல் நீர்ப்பம்பி. யுத்தத்தில் கணவனை இழந்த, காணாமல் போகக் கொடுத்த எத்தனையோ பெண்களின் பொறுப்பில் இன்று இந்த இயந்திரங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பற்றிய அறிவை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாடு நினைவிருக்கும். நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அந்த யூலையில் கியூ.ஆர். அட்டை முறையும் வந்தது. அப்படிப்பட்ட காலத்தில் கடைசித் துளிவரை இயந்திரத்தை ஓடவிடுவது இயல்பு. பிறகு டீசல் ஊற்றினாலும் அது இயங்காது. "இஞ்சின் பழுதாகிவிட்டது" என்று பயந்து, பொருத்துநரைத் தேடி ஓடுகிறோம். அவர் வரும்வரை பயிர் காய்கிறது, கூலியும் கொடுக்க வேண்டும்.

உண்மையில் அங்கே பெரும்பாலும் எதுவும் பழுதாகியிருக்காது. தாங்கி வெறுமையானதும் குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிடுகிறது. இதைத்தான் "எயார் பிடித்துவிட்டது" என்கிறார்கள். டீசலை அமுக்கினால் அது சுருங்காமல் வேகமாகப் பீச்சும். காற்றை அமுக்கினால் அது சுருங்கிக்கொள்ளும். டீசல் இஞ்சினுக்குள் போகாது. ஆகவே காற்றை வெளியேற்ற வேண்டும்.

முதலில், ஹாண்டிலைத் திரும்பத் திரும்பச் சுற்றிக் களைக்காதீர்கள். சுத்தமான டீசலைத் துணியால் வடித்துத் தாங்கியில் போதியளவு ஊற்றுங்கள். தாங்கியின் அடியில் கிடந்த தூசியும் தண்ணீரும் வடிகட்டிக்கு வந்திருக்கலாம். அதையும் கழற்றித் துப்புரவு செய்யுங்கள்.

அடுத்து, தாங்கியின் திருகியைத் திறந்துவிட்டு, வடிகட்டியின் மேலுள்ள சிறு ஆணியைச் சற்றுத் தளர்த்துங்கள். குமிழியோடு டீசல் வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். அதன்பின் டீசல் பம்பில் குழாய் சேரும் இடத்திலும் அவ்வாறே செய்யுங்கள்.

கடைசியாக, பம்பிலிருந்து இஞ்சின் தலைக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாயின் மேல் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். அக்சிலேற்றரை ஓடும் நிலையில் வைத்து, இலகுவாகச் சுற்ற உதவும் சிறு லீவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். அந்த இடத்தில் டீசல் கசிந்ததும் நட்டை இறுக்கிவிட்டு இயக்கிப் பாருங்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் ஆணிகளின் இடம் மாறலாம். ஆகவே முதல்முறை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று கவனங்கள். அந்த மெல்லிய குழாயின் அருகில் முகத்தையோ விரலையோ வைக்க வேண்டாம். வேகமாகப் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நடந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சூடான இஞ்சினில் இதைச் செய்யாதீர்கள். பக்கத்தில் குப்பி விளக்கு வேண்டாம். சிந்திய டீசலைத் துடைத்த பின்னரே இயக்குங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய பம்பிகளுக்கு இந்த முறை பொருந்தாது. அவை பெற்றோலில் தொடங்கி, சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுபவை.

குளிர் நாடுகளில் வாழும் எங்கள் உறவுகள் சிலரின் வீடுகளில், வீட்டைச் சூடாக்க எண்ணெயில் இயங்கும் கொதிகலன்கள் உண்டு. எண்ணெய் முடிந்தால் அங்கும் இதே கதைதான். காற்றை எடுத்த பின்தான் அடுப்பு மூளும்.

இதெல்லாம் ஆண்களின் வேலை என்று சொல்வார்கள். சிறுவயதில் ஆண்பிள்ளைகளை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கவிட்டோம். பெண்பிள்ளைகளை அடுப்படிக்கு அனுப்பினோம். வித்தியாசம் அங்கேதான் உண்டானது. எங்கள் பெண்பிள்ளைகளாவது இனி இயந்திரத்தின் அருகில் நிற்கட்டும்.

உங்கள் மாதர் சங்கத்தில் ஒரு தொகுதி ஸ்பெனர் வாங்கி வையுங்கள். தெரிந்த ஒருவரை அழைத்து ஒரு பின்னேரம் எல்லோரும் பழகுங்கள். தாங்கியில் கால்வாசி இருக்கும்போதே நிரப்பும் வழக்கத்தையும் கைக்கொண்டால் இந்தச் சிக்கலே குறையும். ஒருத்தி கற்றுக்கொண்டால் அடுத்த வளவுக்காரிக்கும் சொல்லிக் கொடுங்கள்.